உருவம் சொல்வதும் பிடிப்பு சொல்வதும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம்)



அறக்கட்டளைப் பத்திரத்தில் இரண்டு பொருள்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. தொழிற்சாலைகளிலிருந்து உடலுக்குள் சேரும் உலோக நஞ்சு ஒன்று. இரத்தப் புற்றையும் நிணநீர்ப் புற்றையும் கண்டறியும் முறைகள் மற்றொன்று. எனக்கு முன் இங்கே பேசிய அறிஞர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். எனக்கு அப்படித் தேர்ந்துகொள்ள மனம் வரவில்லை. முப்பது ஆண்டுகள் நோய்க்குறியியல் துறையில் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருந்தவன் நான். அதில் பிற்பாதியை மூலக்கூற்று ஆய்வகத்தில் கழித்தேன். இரண்டு பொருள்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்வி என்ற எண்ணம் எனக்குள் நாளுக்கு நாள் வலுத்து வந்திருக்கிறது. இன்று அதை உங்கள் முன் வைக்கிறேன்.

என் கருத்து இதுதான். நம் செல் ஒரு பொருளை அதன் உருவத்தைப் பார்த்து உள்ளே விடுகிறது. உருவம் ஒத்த அந்நியப் பொருள் வந்தால் ஏமாறுகிறது. மருத்துவமும் நெடுங்காலம் உருவத்தைப் பார்த்தே நோய்க்குப் பெயர் வைத்தது. உருவம் ஒத்த வேறு நோய் வந்தபோது ஏமாந்தது. எந்த மூலக்கூறு எதைப் பிடித்திருக்கிறது என்று கேட்டபோதுதான் இரண்டு ஏமாற்றங்களும் வெளிப்பட்டன.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்த வேண்டும். உலோக நஞ்சுதான் நிணநீர்ப் புற்றை உண்டாக்குகிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆர்சனிக் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுகளையும், கேட்மியமும் ஆறிணைதிறக் குரோமியமும் நுரையீரல் புற்றையும் உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட செய்தி. நிணநீர்ப் புற்றைப் பற்றி அந்த உறுதியோடு பேச இடமில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு மனிதர் காரணம். பல ஆண்டுகளுக்கு முன் பாலாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தார். தோல் பதனிடும் இடத்தில் வேலை. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. ஓரிடத்தில் ஊசியால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, காசநோய் போல் தெரிகிறது என்று மருந்து தொடங்கியிருந்தார்கள். ஆறு மாதம் ஒருநாள் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். கட்டி கரையவில்லை, உடம்புதான் கரைந்தது. இரவில் வேர்வையில் பாய் நனைகிறது என்றார் அவர் மனைவி. நிணநீர்க்கணுவை முழுதாக எடுத்துப் பார்த்தபோது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்று. முடிவைச் சொன்னதும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “கம்பெனித் தண்ணியாலதான் வந்துச்சா டாக்டர்?” இந்த உரை முழுவதும் ஒருவகையில் அவருக்கு நான் சொல்ல முயலும் விடைதான்.

1. வாசலில் நடக்கும் ஏமாற்றம்

செல்லின் சவ்வில் பல வாயில்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனக்குரிய பொருளை மட்டும் உள்ளே விடும் புரதம். கால்சியத்துக்கு ஒன்று, துத்தநாகத்துக்கு ஒன்று, சல்ஃபேட்டுக்கு ஒன்று. அந்தப் புரதத்துக்குக் கண் கிடையாது. வருகிற அயனியின் பருமன், மின்னூட்டம், வடிவம் ஆகியவை தன் பள்ளத்தில் பொருந்துகின்றனவா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கால்சியம் அயனியின் ஆரம் 1.00 ஆங்ஸ்ட்ராம், கேட்மியத்தின் ஆரம் 0.95. மின்னூட்டம் இரண்டுக்கும் ஒன்றே. வாயிற்காவலன் ஏமாறுவதில் வியப்பில்லை. தாலியம் பொட்டாசியமாக வருகிறது. ஆர்சனேட் பாஸ்பேட்டாக வருகிறது. ஈயம் கால்சியத்தின் வழியில் எலும்புவரை போய்ப் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது.

குரோமியத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மண்ணோடு தொடர்புடையது அது. தோல் பதனிடப் பயன்படும் உப்பில் இருப்பது மூவிணைதிறக் குரோமியம். அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. அந்த உப்பைச் செய்யும் தொழிலிலும் அதன் கழிவிலும் இருப்பது ஆறிணைதிறக் குரோமியம், அதாவது குரோமேட். 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை இராணிப்பேட்டையில் விட்டுச்சென்ற இலட்சக்கணக்கான டன் கழிவில் இருப்பது இதுதான். நடுவில் ஒரு குரோமியம், நான்கு மூலைகளில் நான்கு ஆக்சிஜன் என்ற வடிவம். சல்ஃபேட்டும் அதே வடிவம். சல்ஃபேட்டுக்கான வாயில் குரோமேட்டுக்குத் திறந்துவிடுகிறது. உள்ளே போனதும் வைட்டமின் சி-யும் குளுட்டாத்தயோனும் அதை மூவிணைதிறமாக மாற்றுகின்றன. இப்போது அதன் வடிவம் வேறு. வந்த வழியே வெளியேற முடியாது. உள்ளேயே தங்கி டி.என்.ஏ.வையும் புரதத்தையும் பிடித்துக்கொள்கிறது. வெளியே நின்றபோது தீங்கற்றதாக இருந்த வடிவமே உள்ளே உருவாகும்போது கேடாகிறது. ஆகவே “மண்ணில் குரோமியம் எவ்வளவு?” என்ற கேள்வி மட்டும் போதாது, எந்த வடிவில் என்று கேட்காத அளவீடு மக்களுக்கு உதவாது.

ஜப்பானின் மினமாட்டாவில் 1956 மே 1 அன்று அதிகாரபூர்வமாகப் பதிவான நோயும் இவ்வகைதான். அசிட்டால்டிஹைடு தயாரித்த ஆலையின் கழிவுநீரில் மெத்தில் பாதரசம் விரிகுடாவுக்குப் போனது. மீன் வழியே மனிதருக்கு வந்தது. உடலுக்குள் அது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு இணைகிறது. இணைந்த அந்தக் கூட்டு, மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலத்தை ஒத்திருக்கிறது. மூளைக்கு மெத்தியோனின் வேண்டும். அதைக் கொண்டுசெல்லும் புரதமே பாதரசத்தையும் தூக்கிச் சென்று மூளையில் வைக்கிறது. நஞ்சு தடுப்பை உடைத்துக்கொண்டு போகவில்லை, உணவாக அழைத்துச் செல்லப்பட்டிருக்கிறது. கருவில் இருந்த குழந்தைகளுக்கும் அதுவே நேர்ந்தது.

2. உள்ளே நடக்கும் பிடிப்பு

உள்ளே நுழைந்த உலோகம் எதைப் பிடிக்கிறது? பெரும்பாலும் கந்தகத்தை. சிஸ்டீனின் நுனியில் ஒரு கந்தகமும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த கை இருக்கிறது. பாதரசம், கேட்மியம், ஈயம், ஆர்சனிக் ஆகியவை அந்தக் கையைப் பற்றினால் எளிதில் விடுவதில்லை. பழைய வேதியியலார் கந்தகம் உள்ள இந்தச் சேர்மங்களுக்கு மெர்காப்டன் என்று பெயரிட்டார்கள். பாதரசத்தைப் பிடிப்பது என்பது அந்தப் பெயருக்கு மூலமான இலத்தீன் சொற்களின் பொருள்.

ஈயத்தின் கதையில் ஆள்மாறாட்டம் ஒரு தொடராகவே நடக்கிறது. இரத்தச் சிவப்பணுவின் ஹீமைச் செய்யும் நொதிகளில் ஒன்றுக்கு நடுவில் துத்தநாகம் தேவை. ஈயம் துத்தநாகத்தை வெளியேற்றிவிட்டு அந்தச் சிஸ்டீன்களின் மேல் உட்கார்ந்துகொள்கிறது, நொதி நின்றுவிடுகிறது. கடைசிப் படியில் ஹீமின் வளையத்துக்குள் இரும்பை வைக்கும் வேலையும் தடைப்படுகிறது. இரும்பு வராத இடத்தில் துத்தநாகம் உட்கார்ந்துவிடுகிறது. தன் இடத்தை இழந்த துத்தநாகம் மற்றொன்றின் இடத்தைப் பிடிக்கிறது என்று மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

செல்லுக்கும் தற்காப்பு உண்டு. 1957-இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து மார்கோஷஸும் வல்லியும் கேட்மியத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். மெட்டலோதயோனின் என்று பிறகு பெயர் பெற்றது. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட அமினோ அமிலங்களில் இருபது சிஸ்டீன்கள். ஏழு உலோக அயனிகளைக் கட்டிவைக்கும். உலோகம் கூடும்போது செல் இதை அதிகமாகச் செய்கிறது. இந்தக் காப்பே கேட்மியத்தைச் சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டுகள்வரை இருத்திவைக்கவும் செய்கிறது.

ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் கேட்மியம் கலந்த நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்களுக்கு எலும்பு முறிந்து முறிந்து வந்த நோய்க்கு ‘இத்தாய் இத்தாய்’ என்று பெயர். ‘வலிக்குதே வலிக்குதே’ என்று பொருள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளைகள் பெற்ற, வயதான பெண்கள். இரும்புச்சத்துக் குறைந்த உடல் குடலில் இரும்புக்கான வாயில்களை அதிகமாக்குகிறது. அந்த வாயில்களின் வழியே கேட்மியமும் அதிகமாக உள்ளே போகிறது. இரத்தசோகை பரவலாக உள்ள நம் பெண்களைப் பற்றி நினைக்கும்போது இந்தச் செய்தி என்னைத் தொந்தரவு செய்கிறது. ஒரே தண்ணீரைக் குடிக்கும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவு நஞ்சு சேர்வதில்லை.

3. அளக்கும்போதும் ஏமாறலாம்

ஈய நஞ்சைக் கண்டுபிடிக்க, மேலே சொன்ன துத்தநாக வளையத்தின் ஒளிர்வை அளப்பது மலிவான வழி. ஒரு துளி இரத்தம் போதும். ஆனால் இரும்புச்சத்துக் குறைந்தாலும் அதே வளையம் கூடும். நம் ஊர்க் குழந்தை ஒன்றில் அது கூடியிருந்தால் ஈயமா, முருங்கைக்கீரை சாப்பிடாததா என்று அந்த எண் சொல்லாது. இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 25 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அந்தச் சோதனையை நம்பவும் முடியாது. குழந்தைகளுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வகுத்த குறிப்பளவு 3.5 மைக்ரோகிராம். அதைப் பார்க்க ஈய அணுவையே நேரடியாக எண்ணும் கருவி வேண்டும்.

நேரடியாக எண்ணினால் இன்னொன்றும் கிடைக்கிறது. ஈயத்துக்குப் பல ஐசோடோப்புகள் உண்டு; ஒவ்வொரு சுரங்கத்து ஈயத்திலும் அவற்றின் விகிதம் வேறு. வங்கதேசத்துக் கிராமப் பெண்களின் இரத்தத்தில் இருந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்பதை 2019-இல் இப்படித்தான் கண்டார்கள். மஞ்சளுக்கு நிறம் ஏற்றக் கலந்த ஈயக் குரோமேட்டோடு அந்த விகிதம் ஒத்துப்போனது. நம் சமையலறையிலும் ஒரு சொல் மயக்கம் இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயமும் காரீயமும் தமிழில் ஈயம்தான். காரீயம் கலந்த சொம்பைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. புளி சேர்ந்த சூடான ரசம் அதைக் கரைத்தெடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறிய புரதம். கரு உள்ள நம் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றின் மேற்பரப்பிலும் அது இருக்கிறது. உதிர்ந்து இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டித் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கேட்மியம் அந்த உறிஞ்சும் குழாய்களைக் கெடுத்தால் சிறுநீரில் அது பெருகும். நிணநீர்ப் புற்றில் செல்கள் பெருகி உதிர்வதால் இரத்தத்தில் அது பெருகும். ஃபோலிக்குலர் லிம்ஃபோமாவின் போக்கைக் கணிக்கும் ஒரு குறியீட்டில் 2009 முதல் அதற்கு இடம் உண்டு. மூலக்கூறு ஒன்றுதான். அது எங்கே கூடுகிறது, ஏன் கூடுகிறது என்று தெரியாவிட்டால் எண் மட்டும் நோயைச் சொல்லாது.

4. கணுவைப் பார்த்த கண்கள்

இனி நிணநீர்க்கணுவுக்கு வருகிறேன். நெறி கட்டுவது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் கட்டும். தொண்டை வலித்தால் தாடைக்குக் கீழே கட்டும். கழுத்தில் மாலைபோல் வரிசையாகக் கட்டினால் சித்த மருத்துவர் கண்டமாலை என்றார். கண்டமாலை என்ற அந்த ஒரே பெயருக்குள் காசநோயும் இருந்திருக்கும், புற்றும் இருந்திருக்கும். கையாலும் கண்ணாலும் அவற்றைப் பிரிக்க அன்று எவராலும் முடிந்திராது.

இலண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் வெளியிட்ட கட்டுரையும் வெறும் கண்ணால் பார்த்ததை வைத்து எழுதியதுதான். அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருந்த அவருடைய திசுக்களைச் சற்றேறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1926-இல், நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எல்லாமே ஹாட்ஜ்கின் நோயாக இல்லை. நோய்க்குத் தம் பெயரைத் தந்தவர் பார்த்தவற்றிலேயே வேறு நோய்கள் கலந்திருந்தன. இதை அவருடைய குறையாக நான் சொல்லவில்லை. வெறும் கண்ணால் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான்.

1898-இல் கார்ல் ஸ்டெர்ன்பர்க் அந்த நோயின் பெரிய, இரட்டைக் கரு கொண்ட செல்லை விவரித்தார். அவர் அதைக் காசநோயின் ஒரு வகை என்றே கருதினார். 1902-இல் பால்டிமோரில் டோரதி ரீட் என்ற இளம் மருத்துவர், இது காசநோய் இல்லை, தனி நோய் என்று எழுதினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பாலாற்றங்கரையிலிருந்து வந்த அந்த மனிதருக்கு நேர்ந்தது ஸ்டெர்ன்பர்க்கின் அதே பிழைதான். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவில் புற்றுச் செல்கள் கணுவில் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் இருக்கும். மற்றவை அவற்றைச் சூழ்ந்து நிற்கும் சாதாரணச் செல்கள். சில கணுக்களில் கிரானுலோமா என்ற முடிச்சுகளும் இருக்கும். காசநோயிலும் அவை உண்டு. ஊசி அந்த முடிச்சில் குத்தினால் காசநோய் என்ற அறிக்கை வருவது இயல்பு. ஊசி போட்டவரை நான் குற்றம் சொல்லவில்லை. அந்த அறிக்கையே முடிவு என்று ஆறு மாதம் காத்திருந்ததைத்தான் சொல்கிறேன். மருந்து தொடங்கிய சில வாரங்களில் கட்டி சுருங்காவிட்டால் கணுவை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பெரிய செல் எதன் வழிவந்தது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு முடியப்போகும்வரை விடை இல்லை. உருவத்தைப் பார்த்து ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். 1994-இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வாளர்கள் கியூப்பர்ஸும் ராயெவ்ஸ்கியும் கூட்டாளிகளும் திசுச் சீவலிலிருந்து அந்தச் செல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, ஒற்றைச் செல்லின் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் படித்தார்கள். அவை எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல்களின் வாரிசுகள் என்பது தெரிந்தது. பி செல்லின் உருவத்தையும் மேற்பரப்பு அடையாளங்களையும் இழந்திருந்த செல், மரபணுவில் மட்டும் தன் குலத்தை வைத்திருந்தது.

5. குலம் கேட்கும் சோதனை

அந்தக் குலத்தை எப்படிப் படிக்கிறோம்? ஒவ்வொரு பி செல்லும் முதிரும்போது தன் எதிர்ப்பொருள் மரபணுவைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்கிறது. சுசுமு டொனெகாவா 1976-இல் இதைக் காட்டினார். 1987-இல் நோபல் பரிசு பெற்றார். ஒட்டும் இடத்தில் சில டி.என்.ஏ. எழுத்துகள் கண்டபடி சேரும். ஆகவே ஒவ்வொரு பி செல்லுக்கும் ஒட்டுப்போட்ட இடத்தின் நீளமும் எழுத்தும் வேறு. கிருமியை எதிர்த்து வீங்கிய கணுவில் ஆயிரமாயிரம் குலங்கள் கலந்திருக்கும். அந்த இடத்தைப் பி.சி.ஆர். முறையில் பெருக்கி நீளவாரியாகப் பிரித்தால், நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் குன்று போன்ற வரைபடம் வரும். புற்று ஒரே தாய்ச் செல்லின் கூட்டம்; குன்றுக்குப் பதில் ஒற்றைக் கம்பம் நிற்கும். பல ஐரோப்பிய ஆய்வகங்கள் சேர்ந்து உருவாக்கி 2003-இல் வெளியிட்ட பயோமெட்-2 முறையைத்தான் இன்று உலகெங்கும் அடிப்படையாகக் கொள்கிறோம்.

வேறு சில புற்றுகளில் குரோமோசோம்கள் இடம்மாறி ஒட்டியிருக்கும். பர்கிட் லிம்ஃபோமாவில் 8-ஆம் குரோமோசோமின் மிக் மரபணு 14-க்குப் போய், எதிர்ப்பொருள் மரபணுவின் பக்கத்தில் உட்காருகிறது. இது 1982-இல் தெரிந்தது. மான்டில் செல் லிம்ஃபோமாவில் 11-உம் 14-உம் மாறுகின்றன. ஃபோலிக்குலர் லிம்ஃபோமாவில் 14-உம் 18-உம். ஒளிரும் துண்டுகளை ஒட்டிப் பார்க்கும் ஃபிஷ் சோதனையில் இதைக் கருவுக்குள்ளேயே கண்ணால் காணலாம். வால்டன்ஸ்ட்ரோம் நோய் என்ற நிணநீர்ப் புற்றில் பெரும்பாலானவர்களிடம் ஒரே எழுத்து மாற்றம் இருப்பதை 2012-இல் கண்டார்கள். 2000-இல் வந்த, அலிசாதே என்ற ஆய்வாளரின் ஆய்வு, நுண்ணோக்கியில் ஒன்றாகவே தெரிந்த பெரிய பி செல் லிம்ஃபோமா மரபணுச் செயல்பாட்டில் இரண்டு நோய்கள் என்றும், அவற்றின் போக்கும் வேறு என்றும் காட்டியது.

இத்தனையும் சொன்ன பிறகு மாணவர்களை எச்சரிக்கவும் வேண்டும். மூலக்கூறும் ஏமாற்றும். 14-18 இடமாற்றம் நலமாக உள்ளவர்கள் பலரின் இரத்தத்திலும் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. அவர்களுக்குப் புற்று இல்லை. திசு மிகச் சிறியதாக இருந்து சில பி செல்களே கிடைத்தால், புற்று இல்லாமலே கம்பம் எழும். ஃபோலிக்குலர் லிம்ஃபோமாவில் எழுத்துகள் மிகுதியாக மாறியிருப்பதால் பி.சி.ஆர். துண்டு ஒட்டாமல், புற்று இருந்தும் கம்பம் எழாமல் போகலாம். ஹாட்ஜ்கினில் நூற்றில் ஒன்றாக இருக்கும் செல்லின் குரல், முழுத் திசுவைப் பெருக்கும்போது கேட்காமலே போகலாம், அங்கே சி.டி.30, சி.டி.15 என்ற புரதங்களைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் சாயங்கள்தான் தீர்ப்புச் சொல்லும். அந்த மனிதரின் நோயை உறுதிசெய்ததும் அவைதான். அதுவும் மூலக்கூற்றுச் சோதனையே. ஒன்று மற்றொன்றைப் பிடிக்கிறதா என்று கேட்பது. ஆகவே நுண்ணோக்கியை ஒதுக்குங்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. உருவமும் பிடிப்பும் ஒன்றையொன்று ஒத்துக்கொள்ளும்போதுதான் அறிக்கையில் கையெழுத்திடலாம்.

6. கணுவை எதில் போடுகிறோம்

என் உரையில் நான் மிகவும் கவலையோடு சொல்லும் பகுதி இது. மேலே சொன்ன எந்தச் சோதனைக்கும் டி.என்.ஏ. முழுமையாக வேண்டும். அது அறுவை அரங்கில் கணுவை எடுத்த முதல் சில நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

நான் படித்த காலத்தில் நிணநீர்க்கணுவுக்குச் சிறந்த பதப்படுத்தும் கரைசல் என்று பி-5 என்பதைப் போற்றினார்கள். அதில் இருந்தது மெர்க்குரிக் குளோரைடு. செல்லின் கரு செதுக்கியதுபோல் தெரியும். ஏன்? மினமாட்டாவில் மூளையின் புரதங்களைப் பிடித்த அதே பாதரசம், இந்தக் கரைசலில் கணுவின் புரதங்களின் கந்தகத்தைப் பிடித்து உறையவைத்தது. உருவத்தை மிகத் தெளிவாகக் காட்டிய அந்தக் கரைசல் டி.என்.ஏ.வை மட்டும் பயனில்லாமல் ஆக்கிவிட்டது. அந்தக் காலத்துச் சேமிப்பில் உள்ள பி-5 திசுக்களில் பி.சி.ஆர். செய்ய முயன்று தோற்ற நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. உருவத்தையே முதன்மையாகக் கொண்ட காலம், தன் சான்றுகளையும் அப்படியே விட்டுச் சென்றிருந்தது. பாதரசக் கழிவை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் சேர்ந்து அந்தக் கரைசலை இன்று ஒதுக்கிவிட்டது.

இப்போது ஃபார்மலின். அதிலும் பஃபர் சேர்த்த 10 விழுக்காட்டு நடுநிலைக் கரைசல்தான் வேண்டும். வெறும் ஃபார்மலினில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நாளாவட்டத்தில் ஃபார்மிக் அமிலம் உண்டாகி டி.என்.ஏ.வைத் துண்டாக்கும். நல்ல ஃபார்மலினிலும் பெரும்பாலும் 300 எழுத்து நீளத்துக்குள்தான் துண்டுகள் கிடைக்கும். அதனால்தான் பயோமெட்-2 முறையில் 100, 200, 300, 400, 600 எழுத்து நீளமுள்ள கட்டுப்பாட்டுத் துண்டுகளை முதலில் பெருக்கி, திசு பேசும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அதைப் பார்க்காமல் “கம்பம் இல்லை” என்று எழுதும் அறிக்கைக்கு மதிப்பில்லை. எலும்பு மஜ்ஜைத் துண்டின் சுண்ணாம்பை நீக்கக் கடும் அமிலம் ஊற்றினால் ஒரே நாளில் வேலை முடியும், டி.என்.ஏ.வும் முடியும். ஈ.டி.டி.ஏ. மெதுவாகச் செய்யும், கெடுக்காது.

இந்த ஈ.டி.டி.ஏ. நம் இரண்டு பொருள்களையும் இணைக்கும் மூலக்கூறு. உலோக அயனியைச் சுற்றி வளைத்துப் பிடிப்பது அதன் இயல்பு. இரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் அது கால்சியத்தைப் பிடித்து இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது, டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளுக்குத் தேவையான மக்னீசியத்தையும் பிடித்துவைக்கிறது. பச்சை மூடிக் குழாயின் ஹெப்பாரினோ பி.சி.ஆரை நிறுத்திவிடும். ஈய நஞ்சுக்கு மருந்தாகத் தரப்படுவதும் ஈ.டி.டி.ஏ.தான். ஆனால் அது கால்சியத்தை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும் கால்சியம் டைசோடியம் உப்பாக இருக்க வேண்டும். வெறும் டைசோடியம் உப்பு இரத்தத்தின் கால்சியத்தையே பிடித்துவிடும். அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை அந்த வெறும் உப்பு உடலுக்குள் போனதால் இரண்டு குழந்தைகளும் ஒரு பெண்ணும் இறந்தார்கள். இரண்டு மருந்துகளின் பெயர்களும் அவ்வளவு நெருக்கமானவை.

7. நஞ்சே கருவியாகும்போது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதை எது பிடிக்கிறது என்பது தெரிந்துவிட்டால், ஏமாற்றிய பொருளையே வேலைக்கு வைக்கலாம். குரோமேட் செல்லுக்குள் போய் வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்வதைச் சொன்னேன். கதிரியக்கக் குரோமியம்-51 கொண்டு சிவப்பணுக்களுக்கு அடையாளமிட்டு அவற்றின் ஆயுளை அளக்க 1950 முதல் பயன்பட்டது அந்த இயல்புதான். எதிர்ப்பொருள்களில் அருமண் உலோகங்களை ஒட்டி, ஒவ்வொரு செல்லையும் பிளாஸ்மாச் சுடரில் எரித்து, எந்த உலோகம் எவ்வளவு என்று எண்ணும் கருவி 2009-இல் வந்தது. லிம்ஃபோமாச் செல் ஒன்றின் நாற்பது புரதங்களை ஒருசேரப் பார்க்கலாம். குழந்தையின் இரத்தத்தில் ஈயத்தை எண்ணும் கருவியின் உடன்பிறப்பு அது. நம் செல்லில் இயல்பாக அந்த உலோகங்கள் இல்லை என்பதால்தான் அந்தக் கணக்கு சுத்தமாக இருக்கிறது.

வெள்ளைப் பாஷாணமாகிய ஆர்சனிக் ட்ரையாக்சைடைச் சீனாவின் ஹார்பின் நகரில் 1970-களில் ஜாங் டிங்டோங் குழுவினர் ஒருவகை இரத்தப் புற்றுக்குப் பயன்படுத்தினார்கள். அது லிம்ஃபோமா இல்லை. லுகேமியாவின் ஒரு வகை. அந்தப் புற்றை நடத்தும் கலப்புப் புரதத்தின் சிஸ்டீன்களை ஆர்சனிக் நேரடியாகப் பிடித்து அதை அழிக்க வழிசெய்கிறது என்பது 2010-இல் உறுதியானது. அமெரிக்கா 2000-இல் அதை மருந்தாக ஏற்றது. இதைக் கேட்டுவிட்டு யாரும் பாஷாண மருந்தைத் தேடிப் போகக் கூடாது. இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய மருந்து அது. அந்த ஒரு புரதம் இல்லாத புற்றில் அது நஞ்சாகவே இருக்கும்.

அந்த மனிதருக்கு நான் சொன்ன விடைக்கு வருகிறேன். ஈயமாக இருந்தால் அதன் ஐசோடோப்பு விகிதத்தைப் பார்த்து வந்த வழியைச் சொல்லிவிடலாம். அவருடைய லிம்ஃபோமா என்ன நோய் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. எங்கிருந்து வந்தது என்பதைப் படிக்கும் எழுத்து எதுவும் அதில் இல்லை. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். கம்பெனித் தண்ணீர் குடிக்கத் தகாதது என்பதற்கு அவருடைய புற்று சாட்சியாக வேண்டியதில்லை. குரோமேட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததே போதும் என்றும் சொன்னேன். அவர் சிகிச்சை முடித்தார். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா பெரும்பாலோரைக் குணப்படுத்தக்கூடிய புற்று. அவர் இழந்தது அந்த ஆறு மாதத்தை.

இங்கே அமர்ந்திருக்கும் மருத்துவர்களிடம் என் வேண்டுகோள்: கழுத்துக் கணுவை எடுக்கும்போது இரண்டாக நறுக்குங்கள். ஒரு பாதியை ஈரம் காயாமல் உப்புநீரில் உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மறு பாதியை மெல்லிய சீவல்களாக்கிப் பஃபர் ஃபார்மலினில் போடுங்கள். மற்றவர்களிடம்: உங்கள் வீட்டில் யாருக்கேனும் கணுவிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தால், அறிக்கைத் தாளோடு, திசுவை மெழுகில் பதித்துவைத்த பாரஃபின் பிளாக் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். மேல்சிகிச்சைக்கு வேறு ஊர் போகும்போது அதைக் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள்.